ஐந்தாவது பெயர்

நில்மினி டீச்சர் வரச் சொல்லியிருந்தது வெள்ளிக்கிழமை. லெட்சுமி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்து, மதியம் வரைக்கும் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்தாள். கொழுந்தை எடை போட்டதும் அரைநாள் கூலிக்கான அரைப்பேரோடு இறங்கி வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். கல்லுமலைத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு முக்கால் மணி நேரம். விரலிடுக்கில் கொழுந்துக் கறை அப்படியே இருந்தது. எத்தனை தேய்த்தாலும் அது போகாது.

அது சிங்களப் பள்ளிக்கூடம். பின்பக்கம் தகரக் கூரை போட்ட நீள அறையில் விசேட கல்விப் பிரிவு நடந்தது. காது கேளாத பிள்ளைகள் எட்டுப் பேர். அதில் லெட்சுமியின் மகள் சுதர்ஷினி ஒருத்திதான் தமிழ்ப் பிள்ளை.

சுதர்ஷினிக்கு ஒன்பது வயது. ஒன்றரை வயதில் மூளைக் காய்ச்சல் வந்து, டிக்கோயா ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்து உயிர் தப்பியது. காது தப்பவில்லை. பிறகு காது மெஷின் கொடுத்தார்கள். அதைப் போட்டால் தலையைப் பிடித்துக்கொண்டு அழும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் கடைசி வாங்கில் உட்கார்ந்து, மற்றப் பிள்ளைகள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு, கொப்பி நிறையப் பூப் படம் வரைந்தது. அங்கே யாரும் அதை அடிக்கவில்லை. “அது பாட்டுக்கு இருக்கு, தொந்தரவு இல்ல” என்றுதான் அதிபர் சொன்னார். அது பாட்டுக்கு இருந்ததுதான் தொந்தரவு என்று லெட்சுமிக்குப் புரிய மூன்று வருடம் ஆனது.

பிறகு கிளினிக்கில் ஒரு தாதி சொல்லி, போன தை மாதம் இந்தச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். முதல் வாரம் பொட்டை அழித்துவிட்டு வரச் சொன்னார்கள். நில்மினி டீச்சர்தான் தேவையில்லை என்று நின்றார். மழை நாளில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மார் ஒரு வாங்கில் உட்காருவார்கள். லெட்சுமி உட்கார்ந்தால் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். யாரும் திட்டியதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதமெல்லாம் சிங்களத்தில் வரும். அதைப் பஸ் கண்டக்டரிடம் காட்டித்தான் வாசிக்கச் சொல்லுவாள்.

நில்மினி டீச்சர் ஐம்பது வயதுக்காரர். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசுவார்.

“அம்மா, இருங்க. சுதா மிச்சம் கெட்டிக்காரி” என்றார். கொப்பியைத் திறந்து காட்டினார். வட்டம் வட்டமாகச் சிங்கள எழுத்து. “இது சுதா பேர். தனிய எழுதினது.”

லெட்சுமி கொப்பியை வாங்கிப் பார்த்தாள். மகள் எழுதியது என்பதற்காகவே ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஒன்றும் வாசிக்கத் தெரியவில்லை.

“நான் சொல்றது கோவம் வேணாம்” என்றார் டீச்சர். “நான் வாய் காட்டி வத்துர சொல்றது. சுதா வாய் பாத்து ஓடிப் போய் வத்துர கொண்டு வாறது. நீங்க வீட்டுல அதையே தண்ணி சொல்றது. சுதா சும்மா பாத்துக்கிட்டு நிக்கிறது. சரியா?”

“ஆமாங்க டீச்சர். நான் அதுக்குக் கேக்கலைன்னுதானே நெனச்சேன்.”

“கேக்கிறது இல்லதான். ஆனா வாய் வாசிக்கிறது. என் வாய் சிங்கள வாய். எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அடுத்த வருசம் புத்தகம் வருது. அப்புறம் சுதா எழுதினா நீங்க வாசிக்க ஏலாது. நீங்க எழுதினா சுதா வாசிக்க ஏலாது.”

“அப்ப இங்க வேணாங்கிறீங்களா?”

“ஐயோ இல்ல. நான் அனுப்பமாட்டேன்.” டீச்சர் சுதர்ஷினியின் தலையில் கை வைத்தார். “ஆனா தமிழ் டீச்சர் கேளுங்க. வலயத்துக் காரியாலயத்துல போய்க் கேளுங்க. கேக்காட்டி யாரும் குடுக்கிறது இல்ல.”

அன்று சாயங்காலம் லெட்சுமி ரொட்டி தட்டிக்கொண்டே புருஷனிடம் சொன்னாள். முத்துலிங்கம் கவ்வாத்து மலையிலிருந்து வந்து, கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்குக் கத்தி மழுங்கினால் மறுநாள் தோள்பட்டை போய்விடும்.

“நான் அப்பவே சொன்னேன்ல” என்றான். “சிங்களத்துல படிச்சா நம்ம புள்ள நமக்கு இல்லன்னு.”

“நீங்க அப்ப சொன்னது, ஊமைப் புள்ளைக்கு என்னாத்துக்குப் படிப்புன்னு.”

“அதுவுந்தான் சொன்னேன்.”

“ஆபீசுல போயி கேக்கப் போறேன்.”

“ஒரு புள்ளைக்காக ஒரு டீச்சரப் போடுவாங்களா? நடக்குறதப் பேசு.”

சுதர்ஷினி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. லெட்சுமி அதைக் கவனித்தாள். டீச்சர் சொன்ன பிறகுதான் அது வாயைப் பார்க்கிறது என்று தெரிந்தது. அதுவரைக்கும் முகத்தைப் பார்க்கிறது என்றே நினைத்திருந்தாள். ஒரு ரொட்டியைக் கட்டசம்பலோடு நீட்டி, “ரொட்டி” என்று நிறுத்திச் சொன்னாள். மகள் ரொட்டியை வாங்கிக்கொண்டு தாயின் வாயையே பார்த்தது.

வலயக் கல்விக் காரியாலயத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவர் குணபூசணி மெடம், யாழ்ப்பாணத்துக்காரர். மேசை நிறையக் கோவைகள். லெட்சுமியை உட்காரச் சொல்லவே ஒரு நிமிடம் ஆனது. ஆனால் சொல்ல வந்ததை முழுக்கக் கேட்டார்.

“உங்கட பிள்ளைக்குத் தமிழ் ஆசிரியர் வேணுமெண்டது நியாயம்தான்” என்றார். “ஆனால் ஒரு விசேட கல்வி அலகு திறக்கிறதெண்டால் குறைஞ்சது ஐஞ்சு பிள்ளையள் இருக்க வேணும். அப்பதான் நான் மேலிடத்துக்கு எழுதலாம். என்ர பதிவில உங்கட பிள்ளை ஒராள்தான் இருக்கு.”

“மத்தப் புள்ளைங்க?”

“இல்லையாம். எல்லாத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கும் கடிதம் போட்டனான். காது கேளாத பிள்ளையள் இல்லையெண்டுதான் அதிபர்மார் எழுதி அனுப்பியிருக்கினம்.”

“இல்லைன்னு எழுதியிருக்காங்களா?” லெட்சுமிக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியமாக இருந்தது. “எங்க கங்காணி வீட்டுலயே ஒன்னு இருக்குங்களே. புள்ளக்காம்பராவுல ஒன்னு இருக்குன்னாங்க.”

“அந்தப் பிள்ளையள் பள்ளிக்கூடத்துக்கு வருகினமோ?”

“இல்லைங்க.”

“வராத பிள்ளையை அதிபர் எப்பிடிக் கணக்கெடுக்கிறது?” குணபூசணி பேனாவை மூடி வைத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். “இஞ்ச பாருங்கோ. இதில ஐஞ்சு வரி இருக்கு. பேர், வயசு, தாய் தகப்பன்ர கையெழுத்து. பிறப்புப் பத்திரமும் கிளினிக் கொப்பியும் இணைக்க வேணும். முப்பதாம் திகதிக்குள்ள கொண்டு வாங்கோ. நான் வெளிக்களத்துக்குப் போறதெண்டால் வாகனம் கேட்டே ரெண்டு மாசமாகும். உங்களால ஏலுமோ?”

லெட்சுமி படிவத்தை வாங்கி நான்காக மடிக்கப் போனாள்.

“மடிக்காதேங்கோ” என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்தார் மெடம்.

முதல் வரியில் சுதர்ஷினியின் பெயரைப் பக்கத்து லயத்து வரிசை வீட்டு ஆசிரியப் பெண் எழுதிக் கொடுத்தாள். இரண்டாவது, தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்குப் போகும் புள்ளக்காம்பராவில் கிடைத்தது. ஐந்து வயது மதுரன். பார்த்துக்கொள்கிறவள், “கூப்பிட்டா திரும்ப மாட்டான், புடிவாதக்காரன்” என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். லெட்சுமி அவன் முதுகுக்குப் பின்னால் நின்று தகர மூடியைத் தட்டினாள். அவன் திரும்பவில்லை. தாய்க்காரி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துக் கையெழுத்துப் போட்டாள். டிக்கோயாவுக்குக் கூட்டிப்போய்க் கிளினிக் கொப்பியும் எடுத்துவிட்டாள்.

மூன்றாவது, அடுத்த தோட்டத்தில் எட்டு வயது யசோ. தாய் குவைத்தில். சின்னம்மாக்காரி ஒரு கேள்வியும் கேட்காமல் எல்லாக் காகிதத்தையும் எடுத்துக் கொடுத்தாள்.

நான்காவது பெயர் லெட்சுமி தேடாமல் கிடைத்தது.

சந்தியில் ஹமீத் முதலாளியின் கடை. பதினைந்து வருடமாக லெட்சுமி அங்கேதான் மாவும் கருவாடும் வாங்குகிறாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. யசோ வீட்டுக்குப் போய்விட்டு வந்தவள் மகளோடு கடைக்குள் ஒதுங்கினாள். ஹமீத் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். சுதர்ஷினி திடீரென்று தாயின் கையை உதறிவிட்டுக் கடையின் உட்பக்கத்தைப் பார்த்துக் கையை ஆட்டத் தொடங்கியது.

உட்பக்கம் பாதி விலகியிருந்த ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் சிவப்பு முக்காடு போட்ட ஒரு பெண்பிள்ளை, உள்ளேயிருந்து யாரோ கையால் காட்டக் காட்ட வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தது. சுதர்ஷினி தன்னைக் காட்டியது, காதைத் தொட்டது, கையை விரித்துக் காட்டியது. அந்தப் பிள்ளை வெங்காயத்தைக் கீழே போட்டது. அப்படியே காதைத் தொட்டது. கையை விரித்தது. சுதர்ஷினி திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

“ஏய், எங்க போற? மன்னிச்சிருங்க முதலாளி” என்று லெட்சுமி பின்னால் ஓடினாள்.

உள்ளே ஹமீத்தின் மனைவி றுக்கையா அடுப்படியிலிருந்து வந்து நின்றுவிட்டாள். இரண்டு பிள்ளைகளும் சாக்கில் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தன. சுதர்ஷினி வெங்காயத்தைக் காட்டி ஒரு சைகை. அது திரும்பச் செய்தது. அரிசியைக் காட்டி ஒரு சைகை. அதையும் செய்தது.

“அவக்கு வெளங்குதா?” என்று றுக்கையா கேட்டாள். “எங்கட அம்னா பதினொரு வருசத்துல ஒருத்தரோடயும் இப்பிடிப் பேசிட்டு ஈந்ததில்ல.”

“ஒங்களுக்கு இப்பிடி ஒரு புள்ள இருக்குறது எனக்குத் தெரியாதே அக்கா.”

“ஒருத்தருக்கும் தெரியாது. கடைக்கு வாற ஆக்கள் ஒவ்வொரு கத சொல்லுவாங்க. அதால உள்ளுக்கே வெச்சி வளத்த.”

ஹமீத் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். லெட்சுமி படிவத்தை எடுத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் நின்றபடியே வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார்.

“எங்கட முஸ்லிம் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனேன் தங்கச்சி. ரெண்டு மாசம் வெச்சிட்டு, ஏலாதுன்னுட்டாங்க. சிங்கள ஸ்கூல்ல கேக்கவே மனசு வரல்ல. இப்ப நீங்க சொல்றது தமிழ் ஸ்கூல். முக்காடு போட்ட புள்ளைய எடுப்பாங்களா?”

“எனக்கு அது தெரியாதுங்க முதலாளி. பொய் சொல்லக் கூடாது. எம்புள்ளயவும் மொத வாரம் பொட்ட அழிச்சுட்டு வரச் சொன்னாங்க. ஒரு டீச்சர் நின்னு பேசுனதால விட்டாங்க.”

“இங்க யாரு நின்னு பேசுற?”

“நான் வந்து நிக்கிறேங்க” என்றாள் லெட்சுமி. சொன்ன பிறகு, தான் நின்றால் யார் மதிப்பார்கள் என்று யோசனை வந்தது.

ஹமீத் உள்ளே பார்த்தார். அம்னா சிரித்துக்கொண்டிருந்தது. சத்தம் போட்டுச் சிரித்தது. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நான்காவது வரியில் அவரே எழுதினார். அவருடைய எழுத்து கோடு போட்டது போல் நேராக இருந்தது.

ஐந்தாவது பிள்ளை எது என்று லெட்சுமிக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். போகத்தான் பயமாக இருந்தது. பழனியாண்டி கங்காணி அவள் வேலை செய்கிற கொழுந்துக் குழுவின் கங்காணி. யாருக்கு எந்த நிரை என்று காட்டுவதும், முழுப்பேரா அரைப்பேரா என்று எழுதுவதும் அவர்தான். அவருடைய இளைய மகள் திலகாவுக்குப் பதினாலு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. வீட்டில் தண்ணீர் எடுப்பது, துணி துவைப்பது, மாட்டுக்குப் புல் அறுப்பது எல்லாம் அதுதான்.

அடுத்த ஞாயிறு லெட்சுமி மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

“என்னா லெட்சுமி, ஞாயித்துக்கெழமையும் பேர் போடச் சொல்லி வந்துட்டியா?” என்று சிரித்தார் பழனியாண்டி.

“இல்லைங்க கங்காணி. திலகா விசயமா வந்தேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. லெட்சுமி மேசைமேல் படிவத்தை விரித்து வைத்தாள். பக்கத்தில் சுதர்ஷினியின் பிறப்புப் பத்திரத்தையும் கிளினிக் கொப்பியையும் வைத்து, இந்த இரண்டும் வேண்டும் என்று காட்டினாள். திலகா பால் விடாத சாயத்தண்ணி கொண்டுவந்து வைத்தது. அது போகவில்லை. சுதர்ஷினியின் கையையும் மேசையையும் பார்த்துக்கொண்டே நின்றது.

“வயசு பதினாலு. இனிமே போயி அ, ஆ படிச்சு டொக்டராகப் போகுதா?” என்றார் கங்காணி.

“பேரு எழுதத் தெரிஞ்சாப் போதாதாங்க?”

“பெரியவளுக்கு டிக்கோயாவுலருந்து பொண்ணு கேட்டிருக்காங்க. இந்த மாசம் சாதகம் பாக்க வர்றாங்க. இந்த நேரத்துல, தங்கச்சிக்காரி ஊமைன்னு நானே ஆபீசுக்கு எழுதிக் குடுக்கணுமா?”

“தோட்டத்துல எல்லாத்துக்கும் தெரியுமேங்க.”

“தெரியிறது வேற லெட்சுமி. எழுதிக் குடுக்குறது வேற.”

திலகா குனிந்து படிவத்தில் எழுதியிருந்த நான்கு வரிகளையும் விரலால் தொட்டு வந்து, வெறுமையாக இருந்த ஐந்தாவதில் விரலை வைத்தது. லெட்சுமியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தியது. பழனியாண்டி கையால் உள்ளே போ என்று காட்டினார். அது போனது.

“தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போ” என்றார்.

மறுநாள் பெரட்டில் லெட்சுமிக்குப் பள்ளத்து நிரை விழுந்தது. வடிகால் கான் ஓரம், கற்பாறைக்குக் கீழே, கொழுந்து வராத பழைய மரங்கள். மழை விடவில்லை. அட்டை முழங்கால் வரைக்கும் ஏறியது. மத்தியானம் நிறுக்கும்போது மற்றவர்களுடையதில் பாதிகூட இல்லை. அரைப்பேர். செவ்வாய்க்கிழமையும் அதே நிரை. புதன்கிழமையும்.

“கங்காணியோட என்னா பொல்லாப்பு ஒனக்கு?” என்று பக்கத்து நிரைக்காரி மேலேயிருந்து கத்தினாள்.

“ஒன்னுமில்ல. ஒரு கையெழுத்துக் கேட்டேன்.”

முத்துலிங்கம் அன்று வீட்டில் சத்தம் போட்டான். “நாலு பேரு கெடைச்சாச்சுல்ல? அதக் கொண்டுபோயிக் குடு. ஊரு ஊரா அலைஞ்சு கங்காணியப் பகைச்சு, இருக்குற வேலையயும் கெடுத்துக்காத.”

“அஞ்சு இல்லாட்டி வாங்க மாட்டாங்க.”

“அப்ப விடு.”

“நம்ம புள்ளைய மட்டும் சொன்னா விட்டுருவேன். நாலு பேரு எழுதிக் குடுத்துட்டாங்க. அவுங்க மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?”

முத்துலிங்கம் அவள் காலில் அட்டை கடித்த இடங்களுக்குச் சுண்ணாம்பு எடுத்துக் கொடுத்தான்.

சனிக்கிழமை இருபத்தெட்டாம் திகதி. காலையில் மழை விட்டு வெயில் வந்திருந்தது. லெட்சுமி தண்ணீர் விழும் பீலிக்கரையில் துணி அலசிவிட்டு வந்தபோது வாசலில் திலகா நின்றது. நெஞ்சோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை அணைத்துக்கொண்டிருந்தது. ஒற்றையடிப் பாதையால் ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. பையை லெட்சுமியின் கையில் வைத்து அழுத்தியது. பிறகு ஐந்து விரலைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டது.

பை கனமாக இருந்தது. வாயை வெள்ளை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே காகிதங்கள், அடையாள அட்டைகள், ஒரு தொழிற்சங்கத்துப் புத்தகம், மஞ்சள் தடவிய ஏதோ ஒரு தாள் எல்லாம் மங்கலாகத் தெரிந்தன. ஒரு வீட்டில் இருக்கும் எல்லாக் காகிதமும் அதில் இருந்தது.

“இது என்னடி இது?” என்றாள் லெட்சுமி, கேட்காது என்பதை மறந்து.

அவிழ்க்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டால் திங்கட்கிழமை கொடுத்துவிடலாம். கையெழுத்து? அதை எங்கே போய் எடுப்பது? பையைக் கட்டோடு ஸ்டூலில் வைத்தாள். திலகாவை உட்காரச் சொல்லி ரொட்டி கொடுத்தாள். அது சாப்பிடவில்லை.

அரை மணி நேரத்தில் பழனியாண்டி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. டிக்கோயாக்காரர்கள் மதியம் வருகிறார்கள். பெரிய மகளின் சாதகத்தை எடுக்கப் பெட்டியைத் திறந்தால் பையைக் காணவில்லை.

“நீதானே சொல்லிக் குடுத்த?” லயம் முழுக்கக் கேட்டது.

“சத்தியமா இல்லைங்க கங்காணி. பாருங்க, போட்ட கட்டு போட்டபடி இருக்கு. நான் தொறக்கல.”

“பொறகு இந்த ஊமைக்கு எப்பிடித் தெரியும்? பையோட தூக்கிட்டு வந்திருக்கு. வீட்டுப் பேர் பதிஞ்ச காயிதம், சேமலாப நிதிக் காயிதம், பெரியவ சாதகம், எல்லாம் இதுலதான் இருக்கு. மழையில நனஞ்சிருந்தா என்னா கதி?” திலகாவின் பக்கம் திரும்பிக் கையை ஓங்கினார்.

முத்துலிங்கம் உள்ளேயிருந்து வந்து நடுவில் நின்றான். அவன் கங்காணியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி யாரும் பார்த்ததில்லை.

“அதுக்கு எது எந்தக் காயிதம்னு தெரியலைங்க கங்காணி” என்றான். “அதான் எல்லாத்தையும் தூக்கிட்டு வந்திருக்கு. வாசிக்கத் தெரிஞ்சிருந்தா அந்த ஒன்ன மட்டும் எடுத்துக்கிட்டு வந்திருக்கும்.”

ஓங்கின கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அவர் அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்துக் காம்பராக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். லெட்சுமி பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

பழனியாண்டி படியில் உட்கார்ந்தார். நூல் முடிச்சு அவிழவில்லை. பல்லால் இழுத்து அவிழ்த்தார். காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தார். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது திலகா எட்டிப் பார்த்து, இதுவா என்பது போல் அவர் முகத்தைப் பார்க்கும். அவர் இல்லை என்று தலையாட்டுவார். சாதகத்துக்கும் தலையாட்டினார். ஏழோ எட்டோ காகிதத்துக்குப் பிறகு ஒன்றை எடுத்து மடிப்பை நீவினார்.

“இந்தா. இதுல ஒம்பேரு இருக்கு” என்று சொல்லி, எழுத்தில் விரலை வைத்து, பிறகு அதே விரலால் மகளின் நெஞ்சைத் தொட்டார்.

திலகா காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது. எதிரே வெயிலில் பிடித்துப் பார்த்தது.

“படிவத்தக் கொண்டா” என்றார் கங்காணி லெட்சுமியிடம். “டிக்கோயாக்காரவுங்க கேட்டா நான் என்னா சொல்றதுன்னு நீதான் சொல்லணும்.”

“கேட்டா, படிக்கப் போகுதுன்னு சொல்லுங்க.”

டிக்கோயாக்காரர்கள் கேட்கவில்லை. அவர்களுக்கு முதலிலேயே தெரியும். தெரிந்துகொண்டுதான் பெண் கேட்டு வந்திருந்தார்கள். ஐப்பசியில் பெரியவளுக்குக் கல்யாணம் நடந்தது.

அந்தத் திங்கட்கிழமை குணபூசணி மெடம் படிவத்தையும் இணைப்புகளையும் பார்த்துவிட்டுத் திலகாவின் வயதில் பேனாவை வைத்தார். “பதினாலு கூடிப்போச்சு. ஆனால் நான் இதை வெட்டமாட்டன். மேலிடம் வெட்டினால் வெட்டட்டும்” என்றார். மேலிடம் வெட்டவில்லை. ஆனால் ஏழு மாதம் இழுத்தது. நடுவில் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்து, அதற்குத் தமிழில் பதில் எழுதியதால் இரண்டு மாதம் வீணானது. குணபூசணி மெடம் கொழும்புக்கே போய் வந்ததாகப் பிறகு சொன்னார்கள். அவர் அதைப் பற்றி லெட்சுமியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாசி மாதம் டவுன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், உடைந்த மேசைகளைப் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். வாரத்தில் மூன்று நாள்தான். சிவரூபன் என்ற இளம் ஆசிரியர் வந்தார். பயிற்சி முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சைகை பாதிதான் தெரியும். வியாழக்கிழமைகளில் தன் பள்ளிக்கூடம் விட்ட பிறகு நில்மினி டீச்சர் வந்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். சுதர்ஷினியை விட்டுக் கொடுத்ததற்குத் தன் அதிபரிடம் டீச்சர் பேச்சு வாங்கியதை லெட்சுமி வேறொருவர் வாயால்தான் கேட்டாள்.

முதல் நாள் வாசலில் அம்னாவின் முக்காட்டைப் பார்த்து ஒரு ஆசிரியை, “இங்க சீருடை ஒரே மாதிரித்தான்” என்று தொடங்கினார். லெட்சுமி முன்னால் போய், “டீச்சர், அந்தப் புள்ள அப்பிடித்தாங்க வரும்” என்றாள். ஹமீத் பக்கத்தில் வந்து நின்றார். மதுரனின் தாயும் வந்து நின்றாள். ஆசிரியை அதிபரின் அறைக்குப் போனார், திரும்பி வந்து வாசலைவிட்டு விலகினார். அம்னா உள்ளே போய்விட்டது.

யசோ வரவில்லை. சின்னம்மா குடும்பம் வத்தளைக்குப் போய்விட்டது. ஆனால் அறை திறந்த செய்தி கேட்டு இரண்டு வாரத்துக்குள் மூன்று பேர் வந்தார்கள். யாருடைய பதிவிலும் இல்லாத பிள்ளைகள். ஒன்று வலப்பனைப் பக்கத்திலிருந்து வந்து, படிப்பதற்காக மாமன் வீட்டில் தங்கியது.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை பழனியாண்டி மகளைக் கூட்டிப்போக வந்தார். பனி இறங்கிக் குளிராக இருந்தது. தலையில் காது மூடிய கம்பளித் தொப்பி. லெட்சுமியும் அங்கே நின்றாள். இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ஆசிரியர் எங்கோ வெளியே போயிருந்தார். ஆறு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஏழாவதாகத் திலகா. எல்லோரையும்விடப் பெரியது, எல்லோரையும்விட வேகமாகக் கை போனது.

“என்னா பேசுதுங்க?” என்றார் கங்காணி.

“தெரியலைங்க. சுதா வீட்டுல கொஞ்சம் சொல்லிக் குடுக்குது. இவ்வளவு வேகம் எனக்கு வராது.”

திலகா நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தது. தகப்பனைக் கண்டது. மற்றவர்களுக்குத் திரும்பி, இரண்டு கையாலும் தலையில் இல்லாத தொப்பியைப் பிடித்துக் காது வரைக்கும் இழுத்து, உதட்டைப் பிதுக்கி, புருவத்தை நெரித்துக் காட்டியது. ஆறு தலையும் ஜன்னல் பக்கம் திரும்பின. ஆறும் அதே மாதிரித் தொப்பியை இழுத்து விழுந்து விழுந்து சிரித்தன. மதுரனுக்குச் சிரிப்பில் உட்கார்ந்திருந்த கதிரையே சாய்ந்தது.

பழனியாண்டி தொப்பியில் கை வைத்தார். கழற்றப் போகிறார் என்று லெட்சுமி நினைத்தாள்.

“என்னையத்தான் சொல்லுதுங்க” என்றார். “எனக்குப் பேரு வச்சிருக்குதுங்க லெட்சுமி.”

கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்று, உள்ளே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக் காது வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டார்.